கஸ்டம் காம்பொனென்ட்ல சர்வீஸ் ஹேண்ட்லரை எல்லாம் எங்க வைக்கிறது? இனிட்.பை வீங்கிப் போச்சு

11 ஜனவரி

ஹோம் அசிஸ்டன்ட்டுக்கான (வீட்டுச் சாதனங்களை ஓட்டற சாஃப்ட்வேர்) கஸ்டம் காம்பொனென்ட் ஒண்ணு, அதாவது வெளியாள் பைத்தான்ல எழுதிச் சேக்கறது. தோட்டத்துக்குத் தண்ணி விடுற கன்ட்ரோலர். முதல்ல எழுதினவர் விட்டுட்டுப் போயிட்டாரு, இப்ப என் தலைல. சர்வீஸ், அதாவது ஆட்டோமேஷன்ல இருந்து கூப்பிடற கட்டளை, மட்டும் ஒரு டஜன் இருக்கும். இந்த வால்வை இவ்ளோ நேரம் ஓட்டு, எல்லாத்தையும் நிறுத்து, மழை பெய்யுது ரெண்டு நாள் தள்ளி வை, அட்டவணையை ஏத்து, இருக்கற அட்டவணையைக் குடு, இப்படி. அத்தனைக்கும் ஹேண்ட்லர் (சர்வீஸைக் கூப்பிட்டா ஓடற ஃபங்ஷன்) காம்பொனென்ட்டோட முதல் ஃபைலான இனிட்.பை-க்குள்ள, அதுலயும் ஏசிங்க் செட்டப் என்ட்ரி ஃபங்ஷனுக்குள்ளயே டெஃபுக்குள்ள டெஃபா அடுக்கி வெச்சிருக்கு. ஸ்க்ரோல் பண்ணியே விரல் தேஞ்சு போகுது.

யாரைக் கேட்டாலும் "சர்வீசஸ்.பை-ன்னு தனி ஃபைல் போட்டுத் தூக்கிடு"ங்கறாங்க. தூக்கலாம். ஆனா ஒவ்வொரு ஹேண்ட்லரும் வெளி ஃபங்ஷன்ல இருக்கற கோஆர்டினேட்டர் (கன்ட்ரோலரோட பேசற ஆப்ஜெக்ட்) வேரியபிளைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கு, வேற ஃபைலுக்குப் போனா அது கைல இருக்காது. என் சந்தேகம் என்னன்னா, ஃபைல் பிரிக்கிறதுதான் இங்க பிரச்சனையா, இல்ல ஹேண்ட்லர் எதைப் பிடிச்சுட்டு இருக்குங்கறதா? நீங்கல்லாம் எப்படி வெச்சிருக்கீங்க?

11 ஜனவரி, ராத்திரி

ஃபங்ஷனோட சில ஆர்குமென்ட்டை முன்னாடியே கட்டித் தர்ற பார்ஷியல் போடச் சொன்ன நண்பருக்கு: போட்டுப் பாத்தேன், ஓடுது. கோஆர்டினேட்டரை முதல் ஆர்குமென்ட்டா கட்டி ரெஜிஸ்டர் பண்ணா ஹேண்ட்லர் எந்த ஃபைல்ல இருந்தாலும் வேலை செய்யுது. ஃபைலும் பாக்க அழகாயிடுச்சு. ஆனா யோசிச்சா இது பழைய கள்ளு புது மொந்தை. க்ளோஷர் (வெளி ஃபங்ஷனோட வேரியபிளைப் பிடிச்சுட்டு இருக்கற உள் ஃபங்ஷன்) பண்ணின வேலையைத்தான் பார்ஷியல் பண்ணுது, ரெஜிஸ்டர் ஆகற நிமிஷத்துல கையில இருந்த கோஆர்டினேட்டரோட ஹேண்ட்லரைக் கட்டிப் போடுது. அந்தக் கட்டுதான் எனக்கு உறுத்துது.

12 ஜனவரி

உறுத்தினது சும்மா இல்ல. இஷ்யூ லிஸ்ட்ல ரொம்ப நாளா ஒண்ணு கிடக்கு: "சில சமயம் தப்பான தோட்டத்துல தண்ணி ஓடுது". சில சமயம்-ன்னு போட்டிருந்ததால யாரும் அதைத் தொடல. இன்னைக்கு உக்காந்து பாத்தேன்.

அந்த இஷ்யூவைப் போட்டவருக்கு ரெண்டு கன்ட்ரோலர், வீட்டுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. அப்ப ரெண்டு கான்ஃபிக் என்ட்ரி (ஒவ்வொரு கன்ட்ரோலரையும் சேக்கும்போது பதிவாகற அமைப்பு). செட்டப் என்ட்ரி ஃபங்ஷன் ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஒரு தடவை ஓடும், ரெண்டு தடவையும் அதே டொமைன் (காம்பொனென்ட்டோட பேரு), அதே சர்வீஸ் பேர்ல ரெஜிஸ்டர் பண்ணும். ரெண்டாவது தடவை ஹோம் அசிஸ்டன்ட் ஒரு வார்த்தை சொல்லாது, எரர் கிடையாது, வார்னிங் கிடையாது, பழைய ஹேண்ட்லரைத் தூக்கிட்டு புதுசை வெச்சுடும், அவ்ளோதான். ஒரே வாசல்ல ரெண்டு பேர் மாத்தி மாத்தி பேர்ப்பலகை மாட்டற கதை. கடைசியா மாட்டினவர் வீடு.

ஆனா "சில சமயம்" எப்படி? அதுதான் ரசிக்க வேண்டிய இடம். பின்னாடி இருக்கற கன்ட்ரோலருக்கு வைஃபை வீக். ஹோம் அசிஸ்டன்ட் ஸ்டார்ட் ஆகும்போது அது பதில் சொல்லலைன்னா கான்ஃபிக் என்ட்ரி நாட் ரெடி-ன்னு எக்ஸப்ஷன் போகும், கொஞ்ச நேரம் கழிச்சு தானா திரும்ப ட்ரை பண்ணும். லேட்டா எழுந்ததால அதோட ரெஜிஸ்டர் கடைசில நடக்கும், அப்ப எல்லா கமாண்டும் பின்பக்கத்துக்கு. இன்னொரு நாள் பின்பக்கம் சீக்கிரம் எழுந்துட்டா முன்பக்கம் ஜெயிக்கும். எந்தச் செடிக்குத் தண்ணிங்கறதை வைஃபை சிக்னல் முடிவு பண்ணிட்டு இருந்திருக்கு.

இதுல ஃபைல் எத்தனைங்கறது ஒரு பொருட்டே இல்ல. நூறு ஃபைலா பிரிச்சாலும் இந்த பக் அப்படியே கூட வந்திருக்கும்.

12 ஜனவரி, கொஞ்சம் கழிச்சு

அன்லோட் பக்கமும் பாத்துட்டேன், அங்க இன்னும் மோசம். ஏசிங்க் அன்லோட் என்ட்ரில சர்வீஸ் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா ரிமூவ் பண்ணுது. அதாவது முன்பக்க கன்ட்ரோலரை டிஸேபிள் பண்ணா, நல்லா ஓடிட்டு இருக்கற பின்பக்கத்துக்கும் சர்வீஸ் காணாமப் போயிடும். "வேற என்ட்ரி லோட் ஆகி இருக்கான்னு செக் பண்ணிட்டு ரிமூவ் பண்ணு"ன்னு ஒரு வழி சொல்றாங்க, நிறைய காம்பொனென்ட்ல அந்த செக்கைப் பாத்திருக்கேன். அது தும்ப விட்டு வாலப் பிடிக்கிற வேலை.

15 ஜனவரி

சரி, முடிவுக்கு வந்தாச்சு. சர்வீஸ் டொமைனுக்குச் சொந்தம், என்ட்ரிக்கு இல்ல. அப்ப ரெஜிஸ்டர் பண்ற இடம் ஏசிங்க் செட்டப், அது காம்பொனென்ட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் ஓடும். இது என் கண்டுபிடிப்பு இல்ல, ஹோம் அசிஸ்டன்ட்டோட குவாலிட்டி ஸ்கேல்ல ஆக்‌ஷன் செட்டப்-ன்னு ஒரு ரூலே இருக்கு, அதுவும் ப்ரான்ஸ், அதாவது அடிப்படை லெவல்லயே. அவங்க சொல்ற காரணம் என்னோடது இல்ல, ஆட்டோமேஷன் பக்கம் இருந்து வருது: என்ட்ரி லோட் ஆகலைன்னா சர்வீஸே இல்லாம போயிடும், அப்ப ஆட்டோமேஷன் எழுதினவருக்கு "அப்படி ஒரு ஆக்‌ஷன் இல்ல"ன்னு வரும், அவரு பேரைத் தப்பா அடிச்சுட்டோமோன்னு தேடிட்டு இருப்பாரு. சர்வீஸ் எப்பவும் இருந்து, கூப்பிடும்போது "இந்த கன்ட்ரோலர் இப்ப லோட் ஆகல"ன்னு சொன்னா உண்மை நிலவரம் தெரியும்.

இப்ப என் இனிட்.பை-ல ஏசிங்க் செட்டப் ரெண்டு வரி. சர்வீசஸ்.பை-ல இருக்கற ஏசிங்க் செட்டப் சர்வீசஸ்-ஐக் கூப்பிடுது, ட்ரூ ரிட்டர்ன் பண்ணுது. அந்த ஃபங்ஷன்ல அவெய்ட் பண்ண ஒண்ணுமே இல்லாததால கால்பேக் டெகரேட்டர் போட்ட சாதா டெஃப் போதும். ஒரு விஷயம் மறந்துடாதீங்க, யூஐ வழியா மட்டும் செட்டப் ஆகற காம்பொனென்ட்ல ஏசிங்க் செட்டப் எழுதினா ஹோம் அசிஸ்டன்ட்டோட செக் பண்ற டூலான ஹாஸ்ஃபெஸ்ட் கான்ஃபிக் ஸ்கீமா எங்கன்னு கேக்கும். என்ட்ரி மட்டும்தான்-ன்னு சொல்ற ரெடிமேட் ஸ்கீமா ஹெல்ப்பர் ஒண்ணு இருக்கு, அதை ஒரு வரி போட்டா போதும்.

ஹேண்ட்லர் எல்லாம் மாட்யூல் லெவலுக்கு வந்தாச்சு. க்ளோஷர் இல்ல, பார்ஷியல் இல்ல. முன்னாடி ஹாஸ் (ஓடற ஹோம் அசிஸ்டன்ட்டையே குறிக்கற) ஆப்ஜெக்ட் வேணும்னுதான் பாதி பேர் க்ளோஷர் எழுதுவாங்க, இப்ப சர்வீஸ் காலுக்குள்ளயே (கூப்பிடும்போது ஹேண்ட்லருக்கு வர்ற ஆப்ஜெக்ட்) ஹாஸ் இருக்கு, கால் டாட் ஹாஸ்-ன்னு எடுத்துக்கலாம். கோஆர்டினேட்டரைக் கூப்பிடற நேரத்துல தேடி எடுக்கறோம்: கால்ல வர்ற என்ட்ரி ஐடியை வெச்சு என்ட்ரியை எடு, இல்லைன்னா எரர், லோட் ஆகாத ஸ்டேட்ல இருந்தா வேற எரர், எல்லாம் சரின்னா அதோட ரன்டைம் டேட்டாதான் கோஆர்டினேட்டர். இந்தத் தேடல் ஒரே ஒரு சின்ன ஃபங்ஷன், எல்லா ஹேண்ட்லரும் முதல் வரில அதைக் கூப்பிடும். பழைய கோட்ல ஹாஸ் டேட்டா டிக்‌ஷனரிக்குள்ள டொமைன், அதுக்குள்ள என்ட்ரி ஐடி-ன்னு துழாவிட்டு இருந்தது எல்லாம் போச்சு. யூஐ-ல என்ட்ரி ஐடியை யாரும் கையால அடிக்க வேண்டாம், யூஐ-ல ஃபீல்ட் எப்படித் தெரியணும்னு சொல்ற சர்வீசஸ்.யாமல்-ல கான்ஃபிக் என்ட்ரி செலக்டர் போட்டு நம்ம இன்டக்ரேஷன் பேரைக் குடுத்தா ட்ராப்டவுன் வந்துடும்.

ஏற்கனவே ஆட்டோமேஷன் எழுதி வெச்சவங்க யாரும் என்ட்ரி ஐடி அனுப்பல. அதனால அதை ஆப்ஷனல் ஆக்கி, லோட் ஆகி இருக்கற என்ட்ரி ஒண்ணே ஒண்ணுன்னா அதையே எடுத்துக்கலாம்னு இருக்கேன். பெரும்பாலானவங்ககிட்ட ஒரு கன்ட்ரோலர்தான்.

16 ஜனவரி

நேத்து கடைசில எழுதின வரியை வாபஸ் வாங்கிக்கறேன். ரெண்டு கன்ட்ரோலர் இருக்கறவர்கிட்ட ஒண்ணு ஆஃப்லைன் ஆச்சுன்னு வைங்க. லோட் ஆனது ஒண்ணே ஒண்ணு. பின்பக்கத்துக்குன்னு வந்த பழைய ஆட்டோமேஷன் "ஒண்ணுதானே இருக்கு"ன்னு முன்பக்கத்துல தண்ணியைத் திறந்து விடும். முதல்ல கிளம்பின அதே பக், புது வேஷத்துல. எண்ண வேண்டியது லோட் ஆன என்ட்ரியை இல்ல, மொத்த என்ட்ரியை. மொத்தமே ஒண்ணுன்னா ஐடி இல்லாம விடலாம், ஒண்ணுக்கு மேலன்னா ஐடி இல்லாத காலுக்கு எரர்தான். கொஞ்சம் கத்துவாங்க, கத்தட்டும், தப்பான இடத்துல தண்ணி ஓடறதுக்கு இது தேவலை.

19 ஜனவரி

பாதி ஹேண்ட்லர் இருக்கவே வேண்டியதில்லைன்னு இன்னைக்குத்தான் உறைச்சுது. எங்க வைக்கிறதுன்னு யோசிச்சுட்டே இருந்ததுல, வைக்கணுமான்னு யோசிக்கல.

"இந்த வால்வை இவ்ளோ நேரம் ஓட்டு" எடுத்துக்கோங்க. வால்வு ஒரு என்டிட்டி, அதாவது ஹோம் அசிஸ்டன்ட்ல தனியா தெரியற ஒரு பொருள். 2024.1-லயே வால்வுக்குன்னு தனி ப்ளாட்ஃபார்ம் வந்துடுச்சு, திற, மூடு எல்லாம் அதுலயே இருக்கு. திறக்கும்போது எவ்ளோ நேரம்னு சொல்ல மட்டும் இடம் இல்ல, அதுக்குத்தான் நம்ம சர்வீஸ். பழைய ஹேண்ட்லர் என்டிட்டி ஐடி லிஸ்ட்டை வாங்கி, ஒவ்வொண்ணுக்கும் ஆப்ஜெக்ட்டைத் தேடி, லூப் போட்டு, நடுவுல ஒண்ணு காணோம்னா லாக் பண்ணி, எல்லாத்தையும் கையால பண்ணிட்டு இருந்துச்சு. என்டிட்டி சர்வீஸா ரெஜிஸ்டர் பண்ணிட்டா இது ஒண்ணும் நம்ம வேலை இல்ல. மெத்தட் பேரை மட்டும் ஸ்ட்ரிங்கா குடுக்கணும். யூசர் ஏரியாவைக் காட்டினாலும் சரி, டிவைஸ், லேபிள் எதைக் காட்டினாலும் சரி, அதை என்டிட்டியா விரிச்சு, பர்மிஷன் பாத்து, சரியான ஆப்ஜெக்ட்டோட மெத்தடைக் கூப்பிடறது வரைக்கும் ஹோம் அசிஸ்டன்ட் பாத்துக்கும். எந்த கன்ட்ரோலர்ங்கற கேள்வியே எழாது, வால்வுக்குத் தன் கோஆர்டினேட்டர் யாருன்னு தெரியும்.

ரெஜிஸ்டர் பண்ற இடம் ஒரு குழப்பம். வழக்கமா வால்வ்.பை-ல ப்ளாட்ஃபார்ம் செட்டப் ஆகும்போது கரன்ட் ப்ளாட்ஃபார்மை எடுத்து அதுல ரெஜிஸ்டர் பண்ணுவோம், அப்ப மறுபடியும் என்ட்ரி லோட் ஆனாத்தான் சர்வீஸ். இப்ப சர்வீஸ் ஹெல்ப்பர்ஸ்ல ப்ளாட்ஃபார்ம் என்டிட்டி சர்வீஸ்-ன்னே ஒரு ரெஜிஸ்டர் ஃபங்ஷன் வந்திருக்கு, என்டிட்டி டொமைன் வால்வுன்னு சொல்லிட்டா ஏசிங்க் செட்டப்ல இருந்தே பண்ணிடலாம். ரொம்பப் பழைய வெர்ஷனை சப்போர்ட் பண்ணணும்னா இது கிடைக்காது, பாத்துக்கோங்க.

எல்லாத்தையும் என்டிட்டி சர்வீஸ் ஆக்கிடாதீங்க ஆனா. "எல்லாத்தையும் நிறுத்து" டிவைஸுக்குப் போற ஒரே கமாண்ட். அதை என்டிட்டி சர்வீஸ் ஆக்கினா வால்வு எத்தனையோ அத்தனை தடவை அதே கமாண்ட் அந்தச் சின்ன போர்டுக்குப் போகும், பாவம் அது ரெண்டாவதுலயே மூச்சு வாங்கும். அது டொமைன் சர்வீஸாவே இருக்கு.

2 பிப்ரவரி

இப்ப வேற தலைவலி. ஒரு சர்வீஸ் சேத்தா எத்தனை ஃபைலைத் தொடணும் பாருங்க. சர்வீசஸ்.பை-ல வொலப்சுவஸ் ஸ்கீமா (வர்ற டேட்டா சரியான்னு பாக்கற விதி), சர்வீசஸ்.யாமல்-ல செலக்டர், ட்ரான்ஸ்லேஷன் ஜேசன்ல பேரும் விளக்கமும், ஐகான்ஸ் ஜேசன்ல படம். நாலும் ஒண்ணுக்கொண்ணு தெரியாம வளருது. இந்த காம்பொனென்ட்ல தண்ணி ஓட்டற நேரத்துக்கு யாமல்-ல அதிகபட்சம் 120, ஸ்கீமால 60. ஸ்லைடரை 90-க்கு இழுக்கறவன் இழுப்பான், அமுக்கினதும் எரர். ஹாஸ்ஃபெஸ்ட்டை கிட்ஹப் ஆக்‌ஷனா ஓட்டிட்டு இருக்கேன், அது யாமல் ஒழுங்கா இருக்கான்னு பாக்கும், பைத்தான்ல இருக்கற ஸ்கீமாவோட யாமல் ஒத்துப் போகுதான்னு பாக்காது. அதனால ஒரு சின்ன டெஸ்ட் எழுதிட்டேன், யாமல்-ல இருக்கற ஃபீல்ட் பேரையும் ஸ்கீமால இருக்கற கீயையும் எடுத்து வெச்சு ஒப்பிட்டுப் பாக்கும், இல்லைன்னா ஃபெயில். பத்து வரி கூட இருக்காது, அது பிடிச்ச தப்பு ஏராளம். அதிகபட்ச எண்ணை ஒப்பிடறது மட்டும் இன்னும் கண்ணாலதான்.

60-ன்னா நிமிஷமா செகண்டான்னு வேற கேள்வி வரும். நம்பர் செலக்டரை விட்டுட்டு ட்யூரேஷன் செலக்டருக்கு மாறிட்டேன். அது மணி, நிமிஷம், செகண்ட்னு டிக்‌ஷனரி அனுப்பும், ஸ்கீமால பாசிட்டிவ் டைம் பீரியட் போட்டா ஹேண்ட்லர் கைக்கு வரும்போது டைம்டெல்டாவா இருக்கும். ஹேண்ட்லருக்குள்ள 60-ஆல பெருக்கற கூத்து எல்லாம் ஓவர்.

கான்ஸ்டன்ட் எல்லாம் கான்ஸ்ட்.பை-லதான் இருக்கணும்னு ஒருத்தர் சண்டைக்கு வந்தாரு. சர்வீசஸ்.பை மட்டுமே யூஸ் பண்ற பேரை எதுக்கு வேற ஃபைலுக்கு நாடு கடத்தணும்? ரெண்டு இடம் யூஸ் பண்ணினா அங்க போகட்டும், அதுவரைக்கும் இங்கயே.

3 பிப்ரவரி

புதுசா வர்றவங்க கேட்டதால: 2024.8-ல இருந்து யூஐ-ல சர்வீஸ் எல்லாம் ஆக்‌ஷன் ஆயிடுச்சு, ஆட்டோமேஷன் யாமல்லயும் ஆக்‌ஷன். பைத்தான் பக்கம் ஃபங்ஷன் பேரு, ஃபைல் பேரு எல்லாம் இன்னும் சர்வீஸ்தான். சர்வீசஸ்.யாமல்-ஐ ஆக்‌ஷன்ஸ்.யாமல்-ன்னு மாத்திட்டு "ஒண்ணுமே காமிக்கல"ன்னு வராதீங்க.

16 பிப்ரவரி

எரர் பத்தி. பழைய ஹேண்ட்லர் எல்லாத்துலயும் ஒரே மெட்டு: ட்ரை, எக்ஸப்ட், லாகர் எரர், ரிட்டர்ன். பாக்க ஜாக்கிரதையா எழுதின மாதிரி இருக்கும். ஆனா ஹேண்ட்லர் சத்தமில்லாம ரிட்டர்ன் ஆனா ஆட்டோமேஷனைப் பொறுத்தவரை வேலை முடிஞ்சது. அடுத்த ஸ்டெப்ல "தண்ணி விட்டாச்சு"ன்னு போனுக்கு நோட்டிஃபிகேஷன் போகும், வால்வு மூடியே இருக்கும்.

எரரை விழுங்காதீங்க, தூக்கி எறிங்க. யூசர் குடுத்தது தப்புன்னா சர்வீஸ் வேலிடேஷன் எரர், யூசர் சரியாத்தான் குடுத்தாரு டிவைஸ்தான் சொதப்புதுன்னா ஹோம் அசிஸ்டன்ட் எரர். எறிஞ்சா ஸ்க்ரிப்ட் அங்கயே நிக்கும், யாருக்காவது நிக்க வேண்டாம்னா அவங்க ஆட்டோமேஷன்ல கன்டின்யூ ஆன் எரர் போட்டுக்கட்டும், அந்த முடிவு அவங்களோடது.

இதை எல்லா ஹேண்ட்லருக்கும் டெகரேட்டரா போடலாமா, கோஆர்டினேட்டருக்குள்ள போடலாமான்னு இழுபறி. டெகரேட்டர் எழுதிட்டேன் கூட, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா என்டிட்டி மெத்தடும் அதே டிவைஸ்கிட்டதான் பேசுது, அங்கயும் அதே டெகரேட்டரை ஒட்டணும், ஒட்ட மறந்தா லைப்ரரியோட எக்ஸப்ஷன் பச்சையா வெளில வரும். கடைசில கோஆர்டினேட்டர்ல கமாண்ட் அனுப்பற மெத்தட் ஒண்ணு வெச்சு, லைப்ரரி எரரை நம்ம எரரா மாத்தறது அங்க மட்டும். ஹேண்ட்லர் ஒவ்வொண்ணும் நாலஞ்சு வரிக்குச் சுருங்கிடுச்சு: என்ட்ரியைத் தேடு, டேட்டாவை எடு, கோஆர்டினேட்டரைக் கூப்பிடு, முடிஞ்சுது. லைப்ரரி ப்ளாக்கிங்ன்னா (பதில் வர்ற வரைக்கும் மத்ததை நிறுத்தி வைக்கற ரகம்) எக்ஸிக்யூட்டர்ல, அதாவது தனி த்ரெட்ல, தள்ற வேலையும் அங்கயே, ஹேண்ட்லருக்கு அது தெரியவே வேண்டாம்.

17 பிப்ரவரி

அட்டவணையைக் குடுக்கற சர்வீஸ் பத்திக் கேட்டவருக்கு: முன்னாடி அது ஈவன்ட் பஸ்ல பதிலைத் தூக்கிப் போட்டுட்டு இருந்துச்சு, கேட்டவர் அந்த ஈவன்ட்டுக்காக வேற ஒரு ஆட்டோமேஷன் வெச்சுக் காத்துக் கிடக்கணும். 2023.7-ல இருந்து சர்வீஸே பதில் திருப்பித் தரலாம். ரெஜிஸ்டர் பண்ணும்போது சப்போர்ட்ஸ் ரெஸ்பான்ஸ் ஒன்லி-ன்னு போட்டு டிக்‌ஷனரி ரிட்டர்ன் பண்ணா போதும், அந்தப் பக்கம் ரெஸ்பான்ஸ் வேரியபிள்ல வாங்கிக்குவாங்க. உள்ள டேட்டைம் ஆப்ஜெக்ட் இருந்தா ஐசோ ஃபார்மேட் ஸ்ட்ரிங்கா மாத்திடுங்க, ஜேசன் ஆகற சரக்குதான் போகணும்.

1 மார்ச்

சர்வீசஸ்-ன்னு ஃபோல்டர் போட்டு ஹேண்ட்லருக்கு ஒரு ஃபைல்னு வெச்சா என்னன்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டீங்க. நாலு வரி ஹேண்ட்லருக்கு ஒரு ஃபைலா? மேல இம்போர்ட்டே எட்டு வரி வரும். ஹேண்ட்லர் பெருசா இருக்கறதாலதான் ஃபோல்டர் வேணும்னு தோணுது, ஹேண்ட்லர் பெருசா இருந்தா அதுக்குள்ள இருக்க வேண்டாத வேலை ஏதோ இருக்கு. ஹோம் அசிஸ்டன்ட் கூடவே வர்ற, கோர்ல இருக்கற காம்பொனென்ட்டைத் திறந்து பாருங்க, பெரும்பாலும் சர்வீசஸ்.பை ஒண்ணுதான்.

அதே மாதிரி சர்வீஸ் பேரு, ஹேண்ட்லர், ஸ்கீமா மூணையும் ஒரு டேபிள்ல போட்டு ஃபார் லூப்ல ரெஜிஸ்டர் பண்றது. ரொம்ப சுத்தமாத்தான் இருந்துச்சு, ரெஸ்பான்ஸ் தர்ற சர்வீஸ் வர்ற வரைக்கும். அதுக்கு டேபிள்ல தனியா ஒரு நெடுவரிசை, அட்மின் மட்டும் கூப்பிடற சர்வீஸுக்கு வேற ரெஜிஸ்டர் ஃபங்ஷன், என்டிட்டி சர்வீஸுக்கு இன்னொண்ணு. டேபிளுக்குள்ள இஃப் முளைக்க ஆரம்பிச்சதும் பிரிச்சுப் போட்டுட்டேன். வரிசையா ரெஜிஸ்டர் காலா எழுதி வெச்சா நீளமா இருக்கும், இருக்கட்டும், தேடினா டக்குனு கிடைக்குது.

அட்மின்னு சொன்னதும் ஞாபகம் வருது, அட்டவணையை மொத்தமா அழிச்சு ஏத்தற சர்வீஸ் இதுவரைக்கும் எந்த யூசரும் கூப்பிடலாம்னு திறந்தே கிடந்துச்சு. அதை அட்மின் சர்வீஸா ரெஜிஸ்டர் பண்ணியாச்சு.

8 மார்ச்

ரிலீஸ் போயாச்சு, அன்லோட்ல இருந்த ரிமூவ் கோட் எல்லாம் காலி. ஒருத்தர் "எல்லா என்ட்ரியையும் டிஸேபிள் பண்ணிட்டேன், சர்வீஸ் இன்னும் லிஸ்ட்ல நிக்குது, பக்"ன்னு இஷ்யூ போட்டிருக்காரு. பக் இல்ல, ஏசிங்க் செட்டப் ஏற்கனவே ஓடிட்டதால நிக்கும், கூப்பிட்டா லோட் ஆகலன்னு எரர் வரும். ரீஸ்டார்ட் பண்ணா எந்த என்ட்ரியும் எனேபிள்ல இல்லாததால காம்பொனென்ட்டே செட்டப் ஆகாது, லிஸ்ட்லயும் இருக்காது. இதை ரீட்மீல ஒரு வரி போட்டு மூடிட்டேன்.

ரெண்டு கன்ட்ரோலர் வெச்சிருக்கறவங்க ஆட்டோமேஷன்ல என்ட்ரியைத் தேர்ந்தெடுத்தே ஆகணும்ங்கறதை ப்ரேக்கிங் சேஞ்ச்னு மேலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கேன். படிக்காம அப்டேட் பண்ணிட்டு கேக்க வர்றவங்களுக்கு: எரர் மெசேஜ்லயே எந்த ஃபீல்ட்னு எழுதி இருக்கு.